பாதிக்கு மேல் ஏறாத வண்டி

பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அத்தனை விசாரிக்க மாட்டார்கள். காருக்கு ஒரு சார்ஜர் வாங்குவதற்காக மைதிலி நாற்பது பக்க நோட்டு ஒன்றை முக்கால்வாசி நிரப்பியிருந்தாள். சிங்கிள் பேஸ் போதுமா, மூன்று பேஸ் வேண்டுமா, வயர் ஐந்து மீட்டரா ஏழு மீட்டரா, சாரல் பட்டால் தாங்குமா, இடி இடித்தால் என்ன ஆகும் என்று ஒன்று விடாமல் கேட்டாள். சேலத்துக் கடைக்காரர் அவள் நம்பரைப் பார்த்தாலே ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் போனை எடுப்பார்.

அவள் புருஷன் ஜெகதீஸ்வரன், போர் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தான். வருஷத்தில் எட்டு மாதம் அங்கேதான். மல்லசமுத்திரத்துக்கு மேற்கே தோட்டங்காட்டுக்குள் இருக்கும் வீட்டில் மைதிலி கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தாள். திருச்செங்கோடு போய்வர ஆகட்டும் என்று சின்ன எலெக்ட்ரிக் கார் ஒன்றுக்கு அவன் சொல்லி வைத்திருந்தான். பொங்கலுக்குக் கார் வரும். அதற்குள் சார்ஜர் சுவரில் ஏறிவிட வேண்டும்.

சாயந்திரமானால் வீடியோ காலில் இரண்டு பேருக்கும் சார்ஜர் பேச்சுதான். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில், ஒரு பொருளை வாங்க அவன் அவளிடம் இத்தனை யோசனை கேட்டதே கிடையாது. அதிலேயே அவளுக்கு மனசு நிறைந்து போயிருந்தது. சிரிக்காதீர்கள், எட்டு மாதம் தனியாக இருந்து பார்த்தால் தெரியும்.

கடைசியில் இரண்டு மிச்சம் நின்றன. ஒன்று சாதா. சொருகினால் ஏறும், பிடுங்கினால் நிற்கும். இன்னொன்று ஸ்மார்ட். போனில் ஆப் வைத்துக்கொண்டு எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம், இத்தனை யூனிட்டோடு போதும் என்று நிறுத்தலாம், பூட்டலாம். மைதிலி நோட்டில் சாதாவுக்கு டிக் போட்டாள்.

"சாதா வேண்டாம் கண்ணு. நீ ஊட்டுல தனியா இருக்கற. ஏதாச்சும் சூடாகிப் புகைஞ்சா யாரு பாக்கறது? ஸ்மார்ட்டுனா நான் இங்கிருந்தே நிறுத்தீருவேன்" என்றான் ஜெகதீஸ்வரன்.

"அந்த ஆப்ப என்ற போன்ல போடறதுங்களா?"

"ஒருத்தர் பேர்லதான் மொதல்ல பதியோணுமாமா. என்ற பேர்ல போட்டுக்கறேன். அப்புறம் உன்னையச் சேத்து உட்டர்றேன்."

அந்த அப்புறம் வரவேயில்லை. அவளும் கேட்கவில்லை. எலெக்ட்ரீசியன் தமிழரசு வந்து கார் நிறுத்துகிற இடத்துச் சுவரில் பெட்டியை மாட்டினான். மைதிலி அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். பொங்கலுக்கு வந்த ஜெகதீஸ்வரன் காரை எடுத்துவந்து நிறுத்திவிட்டு ஒரு வாரத்தில் திரும்பிப் போனான். பண்ணைக்கு முட்டை ஏற்ற வந்தவர்களிடமெல்லாம், "சத்தீஸ்கர்ல இருந்துட்டே எங்கூட்டு வண்டியப் பாத்துக்கறாருங்க" என்று அவள் பெருமையடித்துக்கொண்டாள்.

தினமும் சாயந்திரம் அவன் கேட்பான். "வண்டி எத்தன பர்சன்ட்ல நிக்குது கண்ணு?" அவளும் எட்டிப் பார்த்து வந்து சொல்வாள்.

மைதிலிக்கு ஒரே தம்பி செல்லமுத்து. கெங்கவல்லிப் பக்கம் அவர்கள் அப்பா அந்தக் காலத்தில் காடு வாங்கிக் குடிபோன ஊரில் இருந்தான். முப்பத்தொன்பது வயதாகியும் அவனுக்குப் பெண் அமையவில்லை. எங்கள் பக்கத்தில் இப்போது இது ஒன்றும் அதிசயமில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் செல்லமுத்துவும் ஜெகதீஸ்வரனும் கூட்டாக ரிக் ஓட்டினார்கள். அப்போது சத்தீஸ்கரில் நின்று வேலை பார்த்தவன் தம்பி. வீட்டில் இருந்தவன் ஜெகதீஸ்வரன். ஒரு நாள் தம்பி ஊருக்கு வந்து அழாத குறையாகச் சொன்னான். பாதி போர் இறங்கும்போது வண்டி நின்றுவிடுகிறது, வண்டியில் இருக்கும் ஜிபிஎஸ் பெட்டி வழியாக மாமாதான் போனிலிருந்து நிறுத்துகிறார், தன்னைத் தலையெடுக்க விட மாட்டேன் என்கிறார் என்றான்.

மைதிலி நம்பவில்லை. "மிஷினு நின்னா மெக்கானிக்கக் கூப்புடோணும். மாமா மேல எதுக்குப் பழி போடற?" என்று வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டி அனுப்பினாள். கூட்டு உடைந்தது. இரண்டு ஆண்களுக்கும் பேச்சு நின்றது.

மாசி மாதம் செல்லமுத்துவுக்குப் பெண் முடிவானது. மைதிலி பயந்து பயந்து புருஷனிடம் சொன்னாள். அவன் சிரித்தான்.

"அவங்கூட எனக்குத்தான் பேச்சு இல்ல. உனக்குத் தம்பி. தாராளமாப் போயிட்டு வா. உன்னையத் தடுக்க நான் யாரு?"

எத்தனை பெரிய மனசு என்று அன்று அவள் கண்கலங்கிப் போனாள். அதே வாரத்தில்தான் வண்டி பாதிக்கு மேல் ஏறாமல் நிற்க ஆரம்பித்தது.

பாதி சார்ஜில் தொண்ணூறு கிலோமீட்டர் ஓடும். கெங்கவல்லி நூற்றுப் பத்து. ஆனால் மைதிலிக்கு அந்தக் கணக்கு தோன்றவில்லை. காட்டுப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு, மின்சாரத்தில் எது கெட்டாலும் காரணம் ஒன்றுதான். வோல்டேஜ். சுற்றிலும் கிணற்று மோட்டார்கள் ஓடினால் வீட்டில் பேன் நொண்டும், பிரிட்ஜ் முனகும். சார்ஜர் மட்டும் என்ன மேலோகத்திலிருந்தா வந்தது? புருஷனும் அதையேதான் சொன்னான். "ஆப்புல நூத்தி அறுவதுதான் காட்டுது கண்ணு. லைன்மேனப் புடி."

பிடித்தாள். மின்வாரிய லைன்மேன் காளியப்பனை வழியில் பார்த்தால் வழியில், ஆபீசில் பார்த்தால் ஆபீசில், நாலு பேர் முன்னால் கிழி கிழியென்று கிழித்தாள். ஜெகதீஸ்வரனும் அங்கிருந்து போன் போட்டு அவனை ஒரு பிடி பிடித்தான். தனக்காகப் பேச ஒரு ஆள் இருக்கிறது என்று மைதிலிக்குத் தெம்பாக இருந்தது.

பங்குனியில் உப்புச் சர்க்கரை மாற்றும் நிச்சயம், காலை ஒன்பது மணிக்கு வைத்திருந்தார்கள். விடிந்ததும் கிளம்பப் போனால் வண்டி பாதியில் நிற்கிறது. "ரோட்டுல இருக்கற சார்ஜருல போட்டா புது பேட்டரி போயிரும், பஸ்ல போயிரு" என்றான் ஜெகதீஸ்வரன். சேலத்தில் ஒரு பஸ், ஆத்தூரில் ஒரு பஸ் என்று மாறி அவள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பரவால்லக்கா. மாமா உடலீன்னா நீ என்ன பண்ணுவ?" என்றான் செல்லமுத்து, முகத்தைப் பார்க்காமல்.

"மாமா இல்லடா சாமி. கரண்ட்டு. அங்காளம்மன் சத்தியமா கரண்ட்டுதான்" என்று அவள் அடித்துச் சொன்னாள்.

அவன் தலையை ஆட்டினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "கல்யாணத்துக்கு இணைச்சீர் செய்ய அபிநயாளச் சொல்லியிருக்கறேன். உன்ற ஊட்டுக் கரண்ட்டு எப்ப வரும், எப்பப் போகும்னு யாருக்குத் தெரியும்?"

இணைச்சீர் என்பது மாப்பிள்ளையோடு பிறந்தவள், தாலி கட்டுவதற்கு முன்னால் அவன் பக்கத்தில் நின்று செய்கிற சீர். பிறந்த வீட்டோடு அவளுக்கு இன்னும் சொந்தம் இருக்கிறது என்று ஊர் அறியச் சொல்கிற சீர் அது. கூடப் பிறந்த அக்காள் உயிரோடு இருக்க, பெரியப்பன் மகள் அபிநயா வந்து நிற்பதென்றால் அதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன அவமானம் வேண்டும்? மைதிலி திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதாள். அழுகைக்கு நடுவே மின்வாரியத்தையும் திட்டினாள்.

வைகாசி பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். புதன்கிழமை மத்தியானம் காளியப்பன் தானாகவே மீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"அம்மிணி, இன்னிக்கு உங்க கண்ணு முன்னாலயே அளந்து காட்டீட்டுப் போறேன். அப்புறம் வெய்யறதுன்னா வையுங்க."

சார்ஜருக்கு வரும் வயரில் வைத்து அளந்தான். இருநூற்று முப்பத்தொன்று வோல்ட், சரியான அளவு. மோட்டாரெல்லாம் ஓடுகிற நேரம்தான், அப்படியும் முள் அசையாமல் நின்றது. காளியப்பன் சார்ஜரில் எரிந்த விளக்கை உற்றுப் பார்த்தான்.

"திருச்செங்கோட்டுல ஒரு மில்லுக்காரர் ஊட்டுல இதே பொட்டிதானுங்க. செகப்பு எரிஞ்சாக் கோளாறு. பச்சைன்னா ஏறுது. இது நீலம். யாரோ பூட்டி வெச்சிருக்கறாங்க."

"யாரு பூட்டுவாங்க?"

"போன்ல ஆப்பு யாருகிட்ட இருக்குதோ அவிய."

மைதிலி போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். எதற்கு ஸ்பீக்கரில் போட்டாள் என்றால், அப்போதும் அவள் புருஷனை நம்பினாள். தான் சொன்னது தப்பு என்று காளியப்பன் தன் காதாலேயே கேட்கட்டும் என்றுதான்.

"ஏனுங்க, வண்டி மறுபடி பாதில நின்னு போச்சுங்க."

"இரு கண்ணு, பாக்கறேன்" என்றான் ஜெகதீஸ்வரன். பாசமான அதே குரல். "ஆமா. வோல்டேஜ் நூத்தி அறுவதுதான் காட்டுது. அந்தக் காளியப்பன் எங்க போய்த் தொலைஞ்சான்? கல்யாணத்துக்குப் போற நேரத்துல பாரு. நீ கவலப்படாத, நான் பேசறேன்."

மீட்டரில் இருநூற்று முப்பத்தொன்று அப்படியே இருந்தது. காளியப்பன் தரையைப் பார்த்தான். மைதிலி "செரிங்க" என்று சொல்லி போனை வைத்தாள்.

காளியப்பன் மீட்டர் வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டான். "ஏனுங்க, காரு கூடவே ஒரு வயரு குடுத்திருப்பாங்களே? சாதா பதினஞ்சு ஆம்ப்ஸ் பிளக்குல சொருகறது."

"சார்ஜர் வாங்குனா அது தர மாட்டாங்கன்னு அவரு சொன்னாருங்க."

"எல்லா வண்டிக்கும் தருவாங்கம்மிணி."

பழைய ரிக் சாமான் கிடக்கும் செட்டுக்கு அவள் நடந்தாள். தார்ப்பாயை இழுத்தாள். போர் போட்டுத் தேய்ந்த பிட்டுகள் கிடந்த மரப்பெட்டிக்கு அடியில், கார் கம்பெனிப் பெயர் போட்ட கறுப்புப் பை இருந்தது. உள்ளே வயர், சுற்றிய சுற்றுக்கூடப் பிரிக்காமல்.

அந்த இடத்தில்தான் அவளுக்கு நெஞ்சு வெடித்தது. பை பொங்கலன்று ஒளித்து வைத்தது. தம்பிக்குப் பெண் முடிவானது மாசியில். அப்படியானால் தம்பி மேல் உள்ள கோபம் என்றுகூடச் சொல்லித் தப்ப முடியாது. காரை எடுத்துக் கொடுத்த அன்றைக்கே கடிவாளத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் கொடுத்திருக்கிறான். சாயந்திரம் சாயந்திரம் ஓடிப்போய்ப் பர்சன்ட் பார்த்துச் சொன்னவள் அவளேதான். அந்தக் கணக்கை வைத்துத்தான் இன்னும் எத்தனை யூனிட் விடலாம் என்று அவன் நிறுத்தியிருக்கிறான். அன்பென்று நினைத்துச் சொன்ன ஒவ்வொரு நம்பரும் இப்போது அவளைச் சுட்டது. வாயால் போகச் சொல்லிவிட்டு, விரலால் பிடித்து வைத்திருக்கிறான். துரோகி என்று அவள் சத்தமாகவே சொன்னாள். செட்டுக்குள் கேட்க யாருமில்லை.

வெளியே வந்து காளியப்பனிடம், "உங்கள என்னென்னமோ பேசிப்போட்டேனுங்க" என்றாள்.

"உடுங்கம்மிணி. கரண்ட்டுக்காரன வெய்யாதவங்க யாருங்க இருக்கறாங்க?" என்று சொல்லி அவன் வண்டியைக் கிளப்பினான்.

வியாழக்கிழமை காலையில் வாஷிங் மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் அந்த வயரைச் சொருகினாள். ஸ்மார்ட் பெட்டி பக்கத்தில் நீலமாக முழித்துக்கொண்டிருந்தது. கார் ஆமை மாதிரி ஏறியது, ஆனால் ஏறியது. அறுபதைத் தாண்டியபோது அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"செல்லமுத்து, அன்னிக்கு நான் அங்காளம்மன் மேல பண்ணுன சத்தியம் பொய்யிடா. எனக்கே தெரியாத பொய். கரண்ட்டு வந்துட்டுத்தான் இருந்துச்சு. உங்க மாமாதான் அங்கிருந்து நிறுத்தீட்டு இருந்தாரு."



"எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா" என்றான். "ரிக்கு வண்டிய அப்படித்தான நிறுத்துனாரு. அப்பச் சொன்னதுக்கு வாசல்லயே நிக்க வெச்சு அனுப்புன. மறுபடியும் சொன்னா மட்டும் நம்பீருவியா?"

அவளை ஏமாற்றியவன் ஒருவன். அவனுக்காகத் தம்பியை ஏமாற்றியவள் அவள். மூன்று வருஷமாகத் தம்பி சுமந்ததை இரண்டு நாள்கூட அவளால் சுமக்க முடியவில்லை. "தப்புப் பண்ணீட்டேன் சாமி" என்று மட்டும் சொல்லி அழுதாள்.

"அழுவாதக்கா. அபிநயாகிட்ட நான் சொல்லிக்கறேன். இணைச்சீருக்கு நீதான் நிக்கோணும். வந்து சேரு."

வெள்ளிக்கிழமை காலையில் தன் கல்யாணக் கூறைப்புடவையைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். முழு நூறு. வாழப்பாடி தாண்டி, ஆத்தூர் தாண்டி, கெங்கவல்லி ரோட்டில் திரும்பும்போது போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தாள்.

"என்ன கண்ணு, ரெண்டு நாளாச் சார்ஜர்ல வண்டியே போடல? நாளைக்குப் பஸ்ஸுலதான போற?"

அவள் முன்னால் நீண்டு கிடந்த ரோட்டைப் பார்த்தாள். இன்னும் பதினைந்து கிலோமீட்டர். வண்டி அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று காட்டியது.

"ஊட்டுல வோல்டேஜ் சரியில்லீங்க" என்றாள்.

அது அவனே சொல்லிக் கொடுத்த பொய். மைதிலி போனை அணைத்து டேஷ்போர்டுக்குள் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.