இடப்பக்கம் விழுந்த கோன்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அந்த நாலு பேருக்கும் வேறு எந்த வேலையும் தலையில் ஏறாது. மூடிக் கிடந்த ஒரு கிடங்கின் பின்னால் பரந்த சிமென்ட் தரை. உரிமையாளரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிய இடம். சாலையில் தடுப்புக்கு வைக்கும் ஆரஞ்சு நிறக் கோன்களை வளைவு வளைவாக அடுக்கி, அவற்றுக்கு நடுவே ஒவ்வொருவராகக் காரை விரட்டுவார்கள். ஸ்டாப்வாட்ச் மருந்துக்கடைக்காரியின் கையில் இருக்கும். நால்வரில் அவள் ஒருத்திதான் பெண். தன் சின்னக் காருக்கு வேகம் கூட்டும் டர்போ மாட்டியதை அவள் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

பெயிண்டரின் காரில் கதவுக்கொரு நிறம். ஊரார் வண்டிக்கெல்லாம் பளபளவென்று அடித்துக் கொடுப்பவருக்குத் தன் வண்டிக்கு நேரம் வாய்ப்பதில்லை. டிரில் மாஸ்டரின் கார் உறுமினால் காக்கைகள் பறக்கும். வேகம் மட்டும் வராது.

"சத்தத்துக்குத் தனியா கப் வெச்சா உங்களுக்குத்தான் மாஸ்டர்," என்பார் பெயிண்டர்.

நாலாமவர் பஸ் அண்ணன். இருபத்திரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அவருடைய பழைய சதுர மூக்குக் கார் கோன்களுக்கு நடுவே தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அவர் நேரத்தை யாரும் முறியடித்ததில்லை.

மருந்துக்கடைக்காரியின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் இந்த மூவரும்தான் முறை போட்டு வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் அண்ணன் ஷிப்ட் முடிந்து காக்கிச் சட்டையோடு நேரே வந்துவிடுவார். கூடப் பிறந்தவன் இருந்தால்கூட அப்படிச் செய்திருப்பானா என்று அவள் அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அந்த அண்ணன்தான் ஒரு ஞாயிறு மூன்று கோன்களைத் தட்டிவிட்டார். அடுத்த வாரம் நாலு.

"அண்ணனுக்கும் வயசாகுதுல்ல," என்று சிரித்தார் மாஸ்டர். அண்ணனும் சிரித்தார். விழுந்தவை எல்லாமே இடப்பக்கக் கோன்கள் என்பதை அவள் மட்டும் கவனித்தாள்.

டயர் காற்று பார்க்கும் கருவியை எடுக்க அவர் காரின் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே பச்சை மூடி போட்ட சிறு சொட்டு மருந்துப் புட்டி கிடந்தது. அந்த மருந்தை அவள் தினமும் விற்கிறாள். கண்ணில் அழுத்தம் ஏறி, ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக இருண்டுபோகிறவர்களுக்குக் கொடுப்பது. அவளிடம் வாங்காமல் வேறு கடையில் வாங்கியிருக்கிறார்.

மற்றவர்கள் கோன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் புட்டியை நீட்டிக் கேட்டாள்.

"எத்தன நாளாண்ணே?"

அவர் புட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "எட்டு மாசம். நேரா நல்லாத் தெரியுதும்மா. ஓரந்தான் கொஞ்சம்."

"பஸ் நிறைய ஆளு ஏத்துறீங்க."

"ரூட்டு எனக்கு மனப்பாடம்."

"நீங்களே டெப்போவுல சொல்லிடுங்க. இந்த வாரத்துக்குள்ள."

"சொல்றேன். நீ யாருகிட்டயும் வாய் தொறக்காத."

வாரம் போனது. அவர் இன்னும் பஸ் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். மறு திங்கட்கிழமை காலை அவள் கடையைத் திறக்காமல் அவர் பேருந்தில் ஏறி முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார். ஏழாவது நிறுத்தத்துக்கு முன் பேருந்து இடப்பக்கம் ஒதுங்கியது. அந்தப் பக்கத்தில் பள்ளிப் பையோடு ஒரு பெண் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள்.

"அண்ணே, லெஃப்ட்ல!"

பிரேக் பிடித்த வேகத்தில் நின்றவர்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். சைக்கிளுக்கும் பேருந்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. அந்தப் பெண் திரும்பி முறைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மருந்துக்கடைக்காரி அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். நேரே டெப்போவுக்கு நடந்து போய் மேலாளர் முன்னால் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. வெளியே வந்து சுற்றுச்சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் நாள் கண் பரிசோதனை நடந்தது. அவரை ஓட்டுநர் வேலையிலிருந்து எடுத்து உதிரிபாகக் கிடங்கில் உட்கார வைத்தார்கள். சொந்தக் காரையும் இனி தொடக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

பெயிண்டர் கடைக்கு வந்து கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நாங்க பேசி அவரையே போக வெச்சிருப்போம்."

"அதுக்குள்ள யாராவது செத்திருந்தா?"

அவர் கோபம் தணியவில்லை. தலைவலி மாத்திரை ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

அவள் பஸ் அண்ணன் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி. கதவைத் திறந்த அண்ணி அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்தாள். அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். அவள் இருக்கும் திசைக்கு முகத்தை முழுதாகத் திருப்பினால்தான் அவளைப் பார்க்க முடிந்தது.

"அந்தப் புள்ள... நான் அவளப் பாக்கவே இல்ல," என்றார். "உன் குரல் கேட்டுத்தான் மிதிச்சேன்."

"தெரியும்ண்ணே."

"நீ செஞ்சது தப்பில்ல. ராத்திரி பகலா யோசிச்சுப் பாத்துட்டேன், தப்பில்ல." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஆனா உன்னப் பாத்தா எனக்கு அந்த டெப்போ வாசல்தாம்மா ஞாபகம் வருது. கொஞ்ச நாளைக்கு வராத."

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டியது அவருக்குத் தெரிந்திருக்காதோ என்று, "சரிண்ணே," என்று வாயாலும் சொன்னாள்.

மாடிப்படி வரை வந்த அண்ணி தாழ்ந்த குரலில், "எனக்கு மூணு மாசமா சந்தேகம். வாயத் தொறக்கத் தைரியம் வரல," என்றாள்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் டிரில் மாஸ்டர் அண்ணனைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறார் என்று கேள்வி. மாஸ்டர் கிளட்சை விடும் நேரம் சரியில்லை என்று அண்ணன் வழி முழுக்கத் திட்டுவாராம். அதைக் கேட்டபோது அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளும் போவதில்லை. இப்போதெல்லாம் ஞாயிறு காலையிலும் கடையைத் திறந்து வைக்கிறாள்.