தாண்டிப்போன மூன்றாம் பாடம்

கணினியில் வரைபடம் போடக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆறு சர்வேயர்கள், பத்தே நாள், கையில் பைசா கிடையாது. "நெட்ல எல்லாம் சும்மாவே கிடைக்குதாமே டீச்சர், தேடிப் பாருங்க" என்றார் நகராட்சி அதிகாரி. அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டீச்சர் மண்டையை உடைத்துக்கொண்டு தேடினாள். சும்மா கிடைப்பதில் பாதி குப்பை; மீதி, பாதி வழியில் பணம் கேட்டது. நான்காம் நாள் உருப்படியாக ஒன்று சிக்கியது. ஏதோ ஒரு கல்லூரி போட்டிருந்த பன்னிரண்டு பாடங்கள், மென்பொருளும் இலவசம். ஊர் ஓடையின் வரைபடக் கோடுகூட வேறொரு தளத்தில் இலவசமாகவே அகப்பட்டது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் பாடம் மட்டும் சரியான அறுவை. பூமி உருண்டை, திரை தட்டை. ஒவ்வொரு கோடும் எந்த அளவுமுறையில் வரைந்தது என்று பார்த்துப் பொருத்தாவிட்டால் தள்ளிப்போய் விழும் என்று நாற்பது பக்கம். சர்வேயர்கள் கொட்டாவி விட்டார்கள். "இத அப்புறம் பாத்துக்கலாம்" என்று தாண்டிவிட்டாள்.

பயிற்சிக்குத் தன் அக்காவின் தெருவை எடுத்துக்கொண்டாள். ஓடைக்கு இருபுறமும் முப்பது மீட்டர் பட்டை போட வேண்டும், உள்ளே விழும் வீடுகளைச் சிவப்பாக்க வேண்டும். பதினோரு வீடு சிவந்தது. நிறம் பளிச்சென்று வந்த சந்தோஷத்தில் எந்தெந்த வீடு என்று பார்க்கவில்லை, பாவி.

அதிகாரி பார்த்தார். ஓடைக்கரை ஆக்கிரமிப்பை இடிக்க ஒரு படம் கிடைக்காமல் எட்டு மாதமாக அல்லாடியவர். அப்படியே அச்செடுத்து, இடிக்க நாளும் குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அக்காவிடமிருந்து போன் வந்தது. "உன்கிட்ட படிச்சவங்களாமே, வந்தாங்கடி. உக்கார வச்சு தண்ணி குடுத்தேன். போறப்ப கதவுல சிவப்பு பெயிண்ட் அடிச்சுட்டுப் போறாங்க. எதுக்குடி?"

அக்கா வீட்டுக்கும் ஓடைக்கும் நடுவே அறுபது மீட்டராவது இருக்கும். டீச்சர் மூன்றாம் பாடத்தைத் திறந்து, அதில் சொன்னபடி கோட்டைப் பொருத்தினாள். ஓடை நாற்பது மீட்டர் நகர்ந்து தன் இடத்துக்குப் போனது. அதிகாரியிடம் விழுந்தடித்து ஓடினாள்.

"தப்பு சார், நான் ஒரு பாடத்த விட்டுட்டேன்!"

"உத்தரவு போயாச்சும்மா. மேல மனு குடுங்க, முப்பது நாள்ல பாப்பாங்க."

"இடிக்கிறது நாளைக்கு சார்!"

"அதுக்கு நான் என்ன பண்றது? படம் நீங்க சொல்லிக்குடுத்துப் போட்டதுதானே?"

மறுநாள் காலை பத்து மணிக்கு இடித்தார்கள்.

அக்கா இப்போது டீச்சரின் ஒற்றை அறையில் இருக்கிறாள். ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம், "அந்தப் படத்தக் காட்டுடி" என்றாள்.

டீச்சர் திருத்திய படத்தைத் திறந்தாள். பட்டைக்கு வெளியே, தெரு முனையில், அந்த வீடு இருந்தது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அதன்மேல் விரலை வைத்தாள்.

"இதுல நல்லாத்தானடி இருக்கு" என்றாள்.