விற்றுப்போனதாகச் சொன்ன கார்

கிறிஸ்தோப்பரும் அந்தோனிப்பிள்ளையும் பங்குக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, ஜெர்மனியின் ஹம் நகரில் அவர்களைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இருவருக்கும் ஐம்பத்தெட்டு வயது. ஒருவருக்கு முழங்கால் வருத்தம், மற்றவருக்குச் சீனி வருத்தம். "இவை ரெண்டு பேரும் அதுக்குள்ளை ஏறினா, இறக்கி எடுக்க ஆள் பிடிக்கோணும்" என்று கிறிஸ்தோப்பரின் மனைவி பிளோறன்ஸ், ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றவர்களிடம் சொன்னாள்.

ஆனால் அந்த ஆசைக்கே முப்பத்தேழு வயது. மன்னாரிலிருந்து வந்த கிறிஸ்தோப்பரும் யாழ்ப்பாணம் நாவாந்துறையிலிருந்து வந்த அந்தோனிப்பிள்ளையும் ஒரே அகதி விடுதியில், ஒரே அறையில் ஒன்றரை வருடம் இருந்தவர்கள். வேலை செய்ய அனுமதி இல்லாத காலம். பொழுது போகாமல் யன்னலடியில் நின்று, தெருவில் போகிற கார்களின் பெயரை முந்திச் சொல்வது யார் என்று போட்டி போடுவார்கள். இருவர் வாயிலும் முதலில் பிழையில்லாமல் வந்த ஜெர்மன் சொற்கள் கார்களின் பெயர்கள்தான். பிறகு வேலை, கலியாணம், பிள்ளைகள், வீடு என்று வருடங்கள் ஓடின. கடைசிப் பிள்ளையும் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு அந்தோனிப்பிள்ளைதான் பேச்சைத் தொடக்கினார்.

"தனித்தனியா வாங்க உன்ர வீட்டிலயும் விடமாட்டினம், என்ர வீட்டிலயும் விடமாட்டினம். சேர்ந்து ஒண்டு வாங்குவம் மச்சான். ஒரு கிழமை உன்னட்டை, மறு கிழமை என்னட்டை. ஆனா ஒண்டு. ரெண்டு பேருக்கும் பிடிச்சாத்தான் வாங்கிறது."

"ஓம், ரெண்டு பேருக்கும் பிடிச்சாத்தான்" என்றார் கிறிஸ்தோப்பர்.

மாதக்கணக்காகத் தேடி, கடைசியில் இரண்டு கார்களில் வந்து நின்றார்கள்.

முதலாவது, டொட்முண்ட் பக்கத்தில் பழைய கார் விற்பவரிடம் நின்ற சாம்பல் நிற பி.எம்.டபிள்யூ கூபே. மூன்று லீற்றர் எஞ்சின், ஆறு சிலிண்டர். கியர் தானாக மாறும். மிதித்தால் முதுகை இருக்கையோடு அறைந்து வைத்துவிடும். நான்கு வருடம்தான் ஓடியிருந்தது.

இரண்டாவது, ஸோர்பெ ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மலைக் கிராமத்தில், லின்டமான் என்ற முதிய பெண்மணியின் கராஜில் நின்ற சிவப்பு மஸ்டா. இரண்டே இருக்கை. கூரையைக் கையால் மடித்துப் பின்னால் தள்ளலாம். முப்பது வயதுக் கார். அவருடைய காலஞ்சென்ற கணவர் மழையில் ஒருநாளும் அதை வெளியே எடுத்ததில்லையாம். எஞ்சின் சின்னது, ஆனால் உடம்பு இலேசு. வளைவுகளில் ஸ்டியரிங்கைத் தொட்டால் போதும், கார் முழுதும் திரும்பும்.

டொட்முண்ட் காரை ஓட்டிப் பார்த்த அன்று கிறிஸ்தோப்பர் ஏ2 நெடுஞ்சாலையில், வேகமாகப் போகிறவர்களுக்கான இடது ஓரத்தில் இருநூற்று முப்பது வரை போனார். இருபத்தொன்பது வருடமாக அவர் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க் லிஃப்ட் ஓட்டுகிறார். அது மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேல் போகாது. போகவிடாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம், அதே அலுமாரிகளுக்கு நடுவே, அதே மஞ்சள் கோடுகளுக்குள். அன்று மரங்களும் அறிவிப்புப் பலகைகளும் கோடாய்க் கரைந்து பின்னால் ஓடியபோது அவர் தன்னை மறந்து கத்தினார். தன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவருக்கே தெரியாது.

திரும்பி வரும்போது அந்தோனிப்பிள்ளை ஓட்டினார். வலது ஓரத்திலேயே லொறிகளுக்குப் பின்னால் நூற்றுப்பத்தில் வந்தார். இறங்கியபோது உள்ளங்கை ஈரமாயிருந்தது. காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நான் ஓட்டினனெண்டு சொல்லேலாது மச்சான். இதுதான் என்னைக் கொண்டு வந்தது."

அடுத்த சனிக்கிழமை மலைக்குப் போனார்கள். அந்தோனிப்பிள்ளை நகர பஸ் சாரதி. முந்நூறு மீற்றருக்கு ஒரு தரிப்பு. கதவைத் திற, பூட்டு, புறப்படு, நிறுத்து. இருபத்தாறு வருடம். கூரை மடித்த மஸ்டாவில் அவர் ஏரியைச் சுற்றிய பாதையில் ஏறினார். வேகம் எழுபதுக்கு மேல் இல்லை. வளைவு வர ஒரு கியர் இறக்கி, வெளியேற ஒன்று ஏற்றி, மீண்டும் அடுத்த வளைவு.  நாற்பது நிமிடம் எங்குமே நிறுத்தவில்லை. பைன் மரங்களின் நிழலும் வெயிலும் அவருடைய முகத்தில் மாறி மாறி விழுந்தன. பக்கத்தில் இருந்த கிறிஸ்தோப்பருக்குக் கழுத்துப் பிடித்தது, காதுக்குள் காற்று இரைந்தது, முழங்கால் முன்பலகையில் இடித்தது. சின்னப்பிள்ளையின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்தார். ஆனால் நண்பனுடைய முகத்தைப் பார்த்தார். விடுதி யன்னலடியில் கண்ட அதே முகம். அந்த முகத்தைத் தான் கண்டதைப் பிறகு அவரால் மறக்க முடியவில்லை.

லின்டமான் அம்மா கோப்பியும் கேக்கும் தந்தார். அந்தோனிப்பிள்ளை காரை நிறுத்திய பிறகும் ஒருதரம் அதைச் சுற்றி வந்து பொனட்டைத் தடவியதைக் கண்டு, "என் கணவரும் இப்படித்தான்" என்று சொன்னார். போனில் ஜெர்மன் நன்றாகக் கதைப்பவர் என்பதால் கிறிஸ்தோப்பருடைய இலக்கத்தைத்தான் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

இரண்டு கிழமை வாதம் நடந்தது. சண்டை இல்லை. கிறிஸ்தோப்பர் பாதுகாப்பைச் சொன்னார், குளிர்காலத்தைச் சொன்னார், பிள்ளைகள் வந்தால் பின்னால் இருத்தலாம் என்று சொன்னார். அந்தோனிப்பிள்ளையிடம் அவ்வளவு நியாயங்கள் இல்லை. "எனக்கு அது பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் லின்டமான் அம்மா கிறிஸ்தோப்பருக்குப் போன் எடுத்தார். இன்னொருவர் கார் கேட்டு வந்திருக்கிறார், ஆனால் உங்கள் நண்பரிடம் போனால்தான் எனக்கு நிம்மதி, வெள்ளிக்கிழமை வரை வைத்திருக்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

கிறிஸ்தோப்பர் யோசிக்கவேயில்லை. "வேண்டாம் அம்மா, நாங்கள் வேறு முடிவு எடுத்துவிட்டோம்" என்று ஜெர்மனில் மரியாதையாகச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. திரும்ப எடுத்துச் சொல்லியிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. மணி அடித்தது, ஃபோர்க் லிஃப்டில் ஏறினார்.

பின்னேரம் அந்தோனிப்பிள்ளையின் வீட்டுக்குப் போனார்.

"மஸ்டா வித்துப்போட்டுதாம் மச்சான். மனுசி போன் எடுத்துச் சொன்னவ."

அந்தோனிப்பிள்ளை பஸ் சீருடையைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார்.

"ஆர் வாங்கினதாம்?"

"அது சொல்லேல்லை."

"சரி. நல்லாப் பார்க்கிற ஆளெண்டாச் சரி." பிறகு நிமிர்ந்து சிரித்தார். "அப்ப உன்ர காரையே எடுப்பம். இனி ஏன் தேடித் திரிவான்?"

வாங்கினார்கள். பிளோறன்ஸ் கண்ணாடியில் செபமாலை தொங்கவிட்டாள். தன்னுடைய கிழமை வரும்போதெல்லாம் கிறிஸ்தோப்பர் ஞாயிறு காலையில் ஏ2-க்கு ஏறி ஹனோவர் பக்கம் பறந்துவிட்டுப் பூசைக்கு நேரத்துக்கு வந்துவிடுவார். முதல் இரண்டு மாதம் அவர் சந்தோசமாகத்தான் இருந்தார். அதை மறைக்கத் தேவையில்லை. அந்தோனிப்பிள்ளை தன்னுடைய கிழமையில் கடைக்கும் கோயிலுக்கும் ஓட்டினார். சந்தியில் மெதுவாய் நிறுத்தி மெதுவாய் எடுப்பார், பின்னால் ஐம்பது பேர் நிற்கிறார்கள் என்பதுபோல. சனிக்கிழமை கார் கைமாறும்போது கழுவித் துடைத்துத்தான் கொண்டுவருவார்.

ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை, அந்தோனிப்பிள்ளை வழக்கத்தைவிட முந்தி வந்தார். பிளோறன்ஸ் கடைக்குப் போயிருந்தாள். கார் கழுவியிருந்தது. காரின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னார்.

"வியாழக்கிழமை லீவு. சும்மா அந்த ஏரிப் பக்கம் போனனான். பாதை நல்ல பாதையெல்லோ. லின்டமான் அம்மா பூக்கண்டுக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிண்டவ. என்னைக் கண்டிட்டு உள்ளை கூப்பிட்டவ."

கிறிஸ்தோப்பர் திறப்பை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"நாங்கள் வேண்டாமெண்டு சொன்ன பிறகு மூண்டு கிழமை கார் அங்கைதான் நிண்டதாம். நான் மனம் மாறி வருவனெண்டு பாத்திருந்தவவாம். பிறகுதான் காஸல் பக்கம் ஆருக்கோ குடுத்தவ."

"அந்தோனி..."

"ஏன் மச்சான் அப்பிடிச் சொன்னனீ?"

 "எனக்கு மற்றக் கார் வேணும் எண்டு இருந்தது" என்றார் கிறிஸ்தோப்பர். அது உண்மைதான். அதைவிட வேறு காரணமே இல்லை.

"அதை என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. 'டேய், எனக்கு இதுதான் வேணும், நீ விட்டுத் தா' எண்டு கேட்டிருந்தா நான் விட்டுத் தந்திருப்பன். உனக்கு நான் எதைத்தான் தரமாட்டனெண்டு சொன்னனான்?"

குரலில் கோபம் இருந்திருந்தால் கிறிஸ்தோப்பர் தாங்கியிருப்பார். அந்தோனிப்பிள்ளை களைத்த மனுசன் மாதிரிச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். மூன்று கிலோமீற்றர் நடந்துதான் போனார். பஸ்ஸும் எடுக்கவில்லை.

பிளோறன்ஸ் வந்ததும் கிறிஸ்தோப்பர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சாமான் பையை இறக்கி வைக்காமலே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு நாளும் ஒரே மேசையிலை இருந்து சாப்பிட்டனீங்கள். எப்பிடி உங்களாலை ஏலுமாய் இருந்தது?" என்றாள். பிறகு, "போய் மன்னிப்புக் கேளுங்கோ. இண்டைக்கே போங்கோ" என்றாள்.

போனார். அந்தோனிப்பிள்ளையின் மனைவி மக்டலீன் கதவைத் திறந்து, "வாங்கோ அண்ணை" என்று எப்போதும்போலத்தான் கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்டார். அழுதார். அந்தோனிப்பிள்ளை அவருடைய தோளில் கையை வைத்து, "விடு மச்சான், ஒரு கார்தானே" என்றார். தேத்தண்ணி குடித்தார்கள். பிள்ளைகளின் கதை கதைத்தார்கள். மன்னித்துவிட்டார் என்பதில் கிறிஸ்தோப்பருக்குச் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை திறப்பைக் கொண்டு போனபோது அவர் வாங்கவில்லை. "காரை நீயே ஓடு. எனக்கு பஸ் ஓடினதே போதும்" என்றார். முன்பெல்லாம் கிறிஸ்தோப்பர் ஒன்றைச் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்கிறவர், இப்போது ஒரு கணம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் "ஓம்" என்பார். அந்த ஒரு கணத்தை மட்டும் கிறிஸ்தோப்பரால் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மஸ்டாவைத் தேடத் தொடங்கினார். காஸலில் வாங்கியவரைக் கண்டுபிடித்தார். அவர் அதை ஒல்லாந்துக்காரர் ஒருவருக்குக் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு தடம் இல்லை. அதே வருடத்து, அதே நிறத்து வேறொன்று பயெர்ன் மாநிலத்தில் இருப்பதாக விளம்பரத்தில் கண்டார். இலையுதிர்காலத்தில் போய்ப் பார்ப்பம், அந்தோனிக்குச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் விடுவம் என்று திட்டம் போட்டார்.

செப்டெம்பரில் அந்தோனிப்பிள்ளைக்கு பஸ் சாரதிகளுக்கான கண் சோதனை வந்தது. ஐந்து வருடத்துக்கொருமுறை வருகிற சாதாரணச் சோதனை. ஆனால் அன்று மருத்துவர் அவரை மூன்று தரம் திரும்பத் திரும்பக் கருவிக்கு முன் இருத்தினார். கண்ணுக்குள் அமுக்கம் கூடி, தெரியாமலே நரம்பு பழுதாகிவிட்டது. நேரே பார்ப்பது தெளிவு. இரண்டு பக்கமும் பார்வை வெகுவாகக் குறுகிவிட்டது. இனிமேல் மிஞ்சியதைக் காப்பாற்றத்தான் மருந்து. பஸ் மட்டுமல்ல, எந்த வாகனமும் ஓட்டக்கூடாது.

செய்தி கேட்டு ஓடிப்போனார் கிறிஸ்தோப்பர். அந்தோனிப்பிள்ளை வரவேற்பறையில் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்திருந்தார்.

"மச்சான், நான் ஒரு திறந்த கார் பாத்து வைச்சிருக்கிறன். அதே சிவப்பு. நான் எடுக்கிறன். நான் ஓடுறன், நீ பக்கத்திலை இரு. ஏரியைச் சுத்தி எத்தினை தரம் வேணுமெண்டாலும் போவம்."

அந்தோனிப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு மருந்துப் போத்தலின் மூடியைத் திருகினார். மருந்து கன்னத்தில் வழிந்தது.

"சொன்னதே போதும் மச்சான். ஆனா நான் ஓடுறதுக்குத்தான் ஆசைப்பட்டனான். பக்கத்திலை இருக்கிறதுக்கில்லை."

குத்திக் காட்டச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். மார்ச் மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை தான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால், அல்லது "வெள்ளிக்கிழமை சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தால், ஒரு முழுக் கோடைகாலம் அந்தோனிக்குக் கிடைத்திருக்கும் என்று கிறிஸ்தோப்பர் கணக்குப் பார்த்தார். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அவ்வளவுதான் இருந்தது. அவ்வளவையும் அவர்தான் எடுத்துக்கொண்டார்.

கூபேயை அந்த மாதமே விற்றார். 

இப்போது இரண்டு கிழமைக்கொருமுறை வியாழக்கிழமைகளில் அவர் களஞ்சியத்தில் அரைநாள் லீவு எடுத்து, அந்தோனிப்பிள்ளையைக் கண் வைத்தியரிடம் கூட்டிப் போகிறார். பஸ்ஸில்தான் போவார்கள். அந்தோனிப்பிள்ளை சாரதிக்குப் பின்னால் உள்ள இருக்கையில் இருந்து, புதுப் பெடியன் பிறேக்கை எப்படிப் பிடிக்கிறான் என்று காதால் கவனிப்பார். இறங்கும்போது படி கண்ணுக்குத் தெரியாது என்பதால் கிறிஸ்தோப்பர் முன்னுக்கு இறங்கிக் கையை நீட்டுவார். அவர் பிடித்துக்கொள்வார். நடைபாதையில் ஏறியதும் கையை விட்டுவிட்டு, "மெதுவாப் போவம், இன்னும் நேரம் கிடக்கு" என்பார்.