செலீனுக்குப் பீங்கான், அன்புராசாவுக்குப் பேப்பர்

1

ஒளிக்காமல் சொல்கிறேன், இந்தக் கதை என் ஞானத்தில் உதித்ததல்ல. 1996 பெப்ரவரி மலருக்கு, ‘அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டம் எங்கே தொடங்கியது?’ என்று ஒரு கட்டுரை கேட்டார், கனடாவின் ஸ்காபரோவில் வெளிவரும் தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியர். கட்டுரை என்றால் நூலகம் போகவேண்டும். வெளியே பனி கொட்டுகிறது. ஆகவே கதை.

2

1955இல் மொன்ட்கொமரி நகரில் ஒரு கறுப்பினப் பெண், வெள்ளையருக்கு இடம்விட்டுப் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்தார். அந்த

(வேண்டாம். எல்லோரும் இந்தப் பேருந்தில்தான் ஏறுகிறார்கள்.)

1892இல் லூசியானாவில் கறுப்பினத்தவர் ஒருவர் வெள்ளையருக்கான ரயில்பெட்டியில் உட்கார்ந்து கைதானார். நான்கு வருடம் கழித்து உச்ச நீதிமன்றம், பெட்டிகள் தனித்தனியாக இருக்கலாம், சமமாக இருந்தால் போதும் என்றது. அந்தத் தீர்ப்பை உடைக்க

(உண்மைதான். ஆனால் கொட்டாவி வருகிறது, எனக்கே.)

3

சரி, சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி ஒன்றில் ஒரு வரவேற்பறை. வீட்டுக்காரர் ஜெயரட்ணம், தமிழ்ச் சங்கத் தலைவர். தான் மைக்கை விட்டால் சங்கமே கலைந்துவிடும் என்று நம்புபவர். கறுப்பின வரலாற்று மாதக் கூட்டத்தில் பேச, மேல்மாடியில் குடியிருக்கும் செலீனை அழைத்திருக்கிறார். செலீன் கறுப்பினப் பெண், அலபாமாக்காரர். அவர் பேச்சை மொழிபெயர்க்கப் போகிறவர் அன்புராசா. அகதி வழக்குகளில் அதுதான் அவர் வேலை. இன்று ஒத்திகை.

“தம்பி ஊரிலை எவடம்?” என்றார் ஜெயரட்ணம்.

அன்புராசா சொன்னார்.

“அதிலை கோயிலுக்கு எந்தப் பக்கம்?”

அதையும் சொன்னார். சாதியை அறிய நம்மவருக்கு இந்த இரண்டு கேள்வி போதும், இரத்தப் பரிசோதனைகூட இவ்வளவு விரைவில்லை. ஜெயரட்ணம் குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைத்த மனைவி மங்கையற்கரசி தலையாட்டினார்.

செலீன் அந்த ரயில்பெட்டித் தீர்ப்பைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அன்புராசா தமிழாக்கினார்: “தனித்தனி, ஆனால் சமம்.”

அந்த நேரம் பார்த்துத் தேநீர் வந்தது. எல்லோருக்கும் பீங்கான் கப். அன்புராசாவுக்குப் பேப்பர் கப்.

(ஊர்த் தேநீர்க்கடையில் இவர் சாதியாருக்குத் தேங்காய்ச் சிரட்டையில் கொடுத்தார்கள். கனடா வந்து முன்னேறியிருக்கிறோம்.)

“ஏன் அக்கா எனக்கு மட்டும்?”

“தேத்தண்ணி ஒண்டுதானே தம்பி. எல்லாத்துக்கும் ஒரே சீனிதான் போட்டனான்.”

“அவர் என்ன சொல்கிறார்?” என்று செலீன் ஆங்கிலத்தில் கேட்டார். “மொழிபெயருங்கள்.”

4

முடிவு அ: செலீன் தன் கப்பை அன்புராசாவிடம் நீட்டுகிறார். (கோடு போட்டு அடித்துவிட்டேன். நம் வீட்டு அழுக்கைத் துடைக்கவும் அலபாமாவிலிருந்தா ஆள் வரவேண்டும்?)

முடிவு ஆ: ஜெயரட்ணம் கண்கலங்கி, மன்னிப்பு

(ஜெயரட்ணத்தை எனக்குத் தெரியும்.)

முடிவு இ: அன்புராசா எழுந்து வெளியேறுகிறார். இதை எழுதியபோது எனக்குக் கோபம் வந்தது. அவர் ஏன் எழும்ப வேண்டும்? மொன்ட்கொமரியில் அந்தப் பெண் செய்ததே எழாமல் இருந்ததுதானே.

அதனால் அன்புராசா எழவில்லை. மங்கையற்கரசி சொன்னதை, சீனி உட்பட, ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தார். செலீன் தன் கப்பை மேசையில் வைத்தார். ஜெயரட்ணம் பேச வாய் திறந்தார், மைக் இல்லை.

அன்புராசா பேப்பர் கப்பைத் தள்ளிவைத்தார். “நான் இதிலையே இருக்கிறன் அக்கா. எனக்கும் பீங்கானிலை தாங்கோ.”

5

மங்கையற்கரசி குசினிக்குள், கப் அலுமாரியடிக்குப் போனார். அங்கே என்ன செய்தார் என்று நான் எழுதப்போவதில்லை, ஆசிரியர் திட்டினாலும் சரி. அது உங்கள் வீட்டு அலுமாரி. எந்தத் தட்டில் எது, யாருக்கு எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கெதியாகத் திறவுங்கள், நேரமாகிறது. அன்புராசா இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.