ஹீட்டர் குறித்த ஐந்தாவது வரைவு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்து கொடுக்கலாம்; வழுக்கைத் தலையாக இருந்தால் சத்தமும் நன்றாக வரும். கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை. சில இடங்களில் குறைத்துச் சொன்னதுண்டு, அதுவும் கேட்கிறவர்கள் நம்ப வேண்டுமே என்பதற்காக.

பல்கலைக்கழகத்தின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு மேலே, மூன்றாம் மாடியில் ஓர் அறை. வெளிநாடுகளிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்கு அங்கே இரண்டு பாடம் நடக்கும். காலையில் ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்கான ஆங்கிலம். மதியம் பல நாட்டுக்காரர்களோடு பழகும் முறை. இரண்டுக்கும் ஒரே டீச்சர். பதினாறு வருட சர்வீஸ். சிவப்புப் பேனா கையில் இல்லாவிட்டால் அவளுக்கு மளிகைக் கடை ரசீதுகூடப் படிக்க வராது.

எதையும் அடித்துச் சொல்லாதே என்பதுதான் அவள் பாடத்தின் சாரம். "மழை பெய்கிறது" என்று எழுதினால் சுழித்துவிடுவாள். "மழை பெய்வதாகத் தோன்றுகிறது" என்றால் அரை மார்க். "ஜன்னலோரம் நின்றவர்களில் சிலர் நனைந்திருப்பதை வைத்துப் பார்க்கையில், மழைக்கான வாய்ப்பை முற்றிலும் மறுப்பதற்கில்லை" என்று எழுதியவளுக்கு முழு மார்க் போட்டு, தாளைச் சுவரில் ஒட்டினாள்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். இரண்டே மாதத்தில் தேறிவிட்டார்கள். லிஃப்ட் வாசலில் "நீங்க போங்க", "இல்லல்ல, நீங்க முதல்ல" என்று பதினொரு பேரும் நின்று, ஒருநாள் முதல் பீரியட் முழுக்கக் கீழ்த்தளத்திலேயே கழிந்தது. இன்னொரு நாள் ஒருத்தனின் நாற்காலிக்கால் பக்கத்தில் இருந்தவனின் பாதத்தில் ஏறிவிட்டது. அவன் வாயைத் திறக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் ஒன்றரைப் பக்கத்துக்குக் கோரிக்கை எழுதிக் கொடுத்தான். டீச்சர் அன்றைக்கு வீட்டுக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அந்தப் பதினொரு பேரில் ஒருவனுக்குக் கொட்டாவி என்று பட்டப்பெயர். வந்த புதிதில் துறுதுறுவென்றுதான் இருந்தான். குளிர்காலம் பிறந்து, அவன் குடியிருந்த நிலவறையில் ஹீட்டர் போட ஆரம்பித்த பிறகுதான் மந்தம் தட்டியது. ஓயாமல் கொட்டாவி. கன்னம் மட்டும் செக்கச்செவேலென்று இருக்கும். கேள்வி கேட்டால், மூன்று நிமிடம் கழித்து, அடுத்தவன் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவன் பதில் வந்து சேரும்.

"டேய் கொட்டாவி, வாயை மூடுடா. பெஞ்சோட சேத்து எங்களையும் முழுங்கிடப் போறே."

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரும் சிரிக்கக் கூடாது. நம்ம கண்ணுக்கு இது மரியாதைக் குறைவு. அவங்க ஊர்ல இதுக்கு வேற அர்த்தம் இருக்கலாம். சீக்கிரம் பதில் சொல்லாம இருக்கறதுகூட அங்க பெரியவங்களுக்குக் காட்டற மரியாதையா இருக்கும். என்னப்பா, அப்படித்தானே?"

கொட்டாவி யோசித்தான். வகுப்பே காத்திருந்தது.

"எங்க ஊர்லயும் தூக்கம் வந்தாதான் மிஸ் கொட்டாவி விடுவாங்க."

'தன் பண்பாட்டை வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறான்' என்று டீச்சர் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மறுவாரம் அவன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவள் அறைக்கு வந்தான். வீட்டுக்காரருக்குக் கடிதம். "அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துடுங்க மிஸ்." வகுப்பில் பழக்கம் அப்படி. எதுவாக இருந்தாலும் முதலில் வரைவு, பிறகு டீச்சரின் திருத்தம், பிறகு அடுத்த வரைவு. திருத்தாமல் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது.

கடிதம் இப்படி இருந்தது: 'என் ரூம் ஹீட்டர் கெட்டுப்போய்விட்டது. சுவரில் கேஸ் குழாய் வரும் இடத்தில் கரி படிந்திருக்கிறது. தினமும் தலை வலிக்கிறது, வாந்தி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் இருந்தபோது வலிக்கவில்லை. பயமாக இருக்கிறது. இன்றைக்கே வந்து பாருங்கள்.'

டீச்சர் பேனா மூடியைத் திறந்தாள்.

"பரவாயில்லப்பா. ஆனா மொட்டையா இருக்கு. 'கெட்டுப்போச்சு'ன்னு நீ எப்படி முடிவு கட்டினே? நீ என்ன என்ஜினியரா?"

"ஆமா மிஸ். சிவில்."

"ஹீட்டர் என்ஜினியரா?"

"இல்ல மிஸ்."

"அப்புறம்? 'பயமா இருக்கு'ங்கறது உணர்ச்சி. அதை ஓரமா வை. 'இன்னைக்கே வாங்க'ன்னா அது கட்டளை. இந்த ஊர்ல அதைத் தப்பா எடுத்துப்பாங்க. தலைவலிக்கும் ஹீட்டருக்கும் சம்பந்தம் உண்டுன்னா, அதுக்கு ஆதாரம் வேணும்."

கொட்டாவி தலையாட்டினான். ஆட்டி முடித்த பிறகும் தலை கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது வரைவை அவள் வீட்டில், மாலை டீயோடு திருத்தினாள். புருஷன் ஏசி மெக்கானிக். கிரீஸ் கறையோடு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான்.

"இந்தா, இந்தப் பையனை முதல்ல ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லு."

"நான் அவன் எழுத்தைத் திருத்தறேன். ஜன்னலை இல்ல."

"அட, விளையாட்டு இல்லம்மா. புகை போற குழாய் அடைச்சிருக்கும், விஷப்புகை ரூமுக்குள்ளயே நிக்குது. அரை மணி நேர வேலை. போயிட்டு வந்துடறேன், அட்ரஸைக் கொடு."

"நீங்க சும்மா இருங்க. தனக்கு வேணுங்கறதை அவனே கேட்டு வாங்கப் பழகணும். நாளைக்கு வேலைக்குப் போனா அங்கயும் நீங்க ஸ்பேனரைத் தூக்கிட்டுப் பின்னாடியே போவீங்களா?"

"வேலைக்குப் போற வரைக்கும் உசுரோட இருக்கணும்ல?"

"வாயைக் கழுவுங்க முதல்ல."

அவன் போய் வாயைக் கழுவிக்கொண்டு வந்தான். சொன்னதைச் செய்கிற மனுஷன். அவளோ ஓரத்தில் 'ஜன்னல் திறக்க முடியுமா?' என்று எழுதிவிட்டு, கடிதத்தின் மையக் கருத்திலிருந்து விலகுகிறது என்று தானே அதை அடித்தாள்.

மூன்றாவது வரைவில் ஹீட்டர்களைப் பற்றிய பதினான்கு ஆய்வுகளுக்கு மேற்கோள் இருந்தது. தலைவலி 'தலைப்பகுதியில் உணரப்படும் ஒருவித அசௌகரியம்' ஆகியிருந்தது. வாந்தி காணாமல் போயிருந்தது. நான்காவது வரைவு வீட்டுக்காரரின் குடும்ப நலம் விசாரித்துத் தொடங்கி, அறையின் சுவர் வண்ணத்தைப் பாராட்டி, ஹீட்டர் தரும் கதகதப்புக்கு நன்றி சொல்லி, 'அதன் செயல்பாடு குறித்து, தங்களுக்கு ஓய்வு கிடைக்கையில், மேலும் சிந்திக்க இடமிருக்கலாம்' என்று முடிந்தது. டீச்சர் முழு மார்க் போட்டாள். இனி அனுப்பலாம் என்றாள்.

இரண்டே நாளில் பதில். கொட்டாவி அதை வகுப்பில் எழுந்து படித்தான். ஒவ்வொரு வரிக்கும் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

'அன்புள்ள தம்பி, முப்பது வருடமாக வாடகைக்கு விடுகிறேன். இப்படி ஒரு கடிதம் யாரும் எழுதியதில்லை. வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். என் சம்சாரம் அழுதுவிட்டாள். ஹீட்டர் உங்களுக்கு இவ்வளவு பிடித்திருப்பதில் மகிழ்ச்சி.'

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி ஓய்ந்ததும் அவன் கேட்டான்: "மிஸ், இப்ப நான் என்ன பண்றது?"

அப்போதுதான் டீச்சர் தாளை விட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் உதடு வெடித்திருந்தது. ஒரு கணம், 'வா, இப்பவே உன் ரூமுக்குப் போலாம்' என்று வாய் வரைக்கும் வந்தது. பதினாறு வருடப் பழக்கம் அதை உள்ளே தள்ளியது.

"நன்றி சொல்லி ஒரு பதில் எழுதுப்பா. கடைசிப் பத்தியில மெதுவா ஹீட்டர் விஷயத்தைத் தொடு. திங்கக்கிழமை அஞ்சாவது வரைவைக் கொண்டு வா."

அவன் கிளம்பினான். கதவென்று நினைத்துப் பலகை அலமாரியைத் திறந்து உள்ளே போகப் பார்த்தான். இதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அவன் ஊரில் அலமாரிக்கு என்ன அர்த்தமோ.

திங்கட்கிழமை அவன் இருக்கை காலி. சொன்ன நாளில் வரைவு தராத வழக்கம் அவனுக்கு இல்லை. அவனுக்குப் போன் போட்டாள்; மணி அடித்தது, எடுக்கவில்லை. டீச்சர் அப்படியே வகுப்பை விட்டு இறங்கினாள். லிஃப்டில் யாருக்கும் வழிவிடவில்லை. தெருவில் நின்று புருஷனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, வண்டியை எடுத்துட்டு வாங்க."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. அட்ரஸ் மட்டும் கேட்டான்.

வீட்டுக்காரர் சிரித்த முகமாகக் கதவைத் திறந்தார். "யாரு, அந்த லெட்டர் எழுதின தம்பியைப் பாக்கவா? உள்ள வாங்க, உக்காருங்க." வரவேற்பறைச் சுவரில் நான்காவது வரைவு கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

"சாவியைக் கொடுய்யா!" என்று டீச்சர் கத்தினாள். வெளியாள் ஒருவரிடம் அவள் வாயிலிருந்து சுற்றிவளைக்காமல் வந்த முதல் வாக்கியம் அதுதான் என்று புருஷன் பிற்பாடு சொன்னான்.

புருஷன் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய் ஹீட்டரை அணைத்தான். பெயின்ட் அடித்து மூடிக்கிடந்த ஜன்னலை ஸ்பேனரால் உடைத்தான். கொட்டாவி மேசையில் கன்னம் வைத்துப் படுத்திருந்தான். உயிர் நேற்றே போயிருந்தது. கன்னச் சிவப்பு மட்டும் அப்படியே, வெயிலில் ஓடியாடி வந்த பிள்ளையைப் போல.

கைக்குக் கீழே ஐந்தாவது வரைவு இருந்தது. டீச்சர் நின்றபடியே படித்தாள். ஒரு தப்பாவது இருக்க வேண்டும் என்று தேடினாள். இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு அழ வசதியாக இருந்திருக்கும். ஒன்றும் இல்லை.

"விடும்மா, வெளிய வா," என்றான் புருஷன்.

"முழு மார்க்குங்க," என்றாள் அவள்.

பல்கலைக்கழகம் விசாரணைக் குழு போட்டது. டீச்சர் ஒரே வரியில் வாக்குமூலம் எழுதினாள்: 'அவனை நான்தான் கொன்றேன்.' குழு அதைத் திருப்பி அனுப்பியது. மிகவும் வலுவான கூற்று, ஆதாரம் போதாது, தொனியைச் சற்று மென்மையாக்கலாம் என்று பச்சை மையில் குறிப்பு. அவள் மாற்ற மாட்டேன் என்றாள். மறுபடி வந்தது. மறுபடி மறுத்தாள். மூன்றாம் முறை அவர்களே எழுதி அனுப்பினார்கள்: 'சில தகவல் பரிமாற்றங்களில் தவிர்க்கவியலாத தாமதம் நேர்ந்திருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டு.'

அதை வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். அடுத்த பருவத்தில் புதிதாகப் பதினொரு பேர் வந்தார்கள்.

அந்த வீடு இருக்கும் தெருவுக்குக் கேஸ் குழாய் போட இன்றுவரை பள்ளமே தோண்டவில்லை. அப்புறம் ஹீட்டருக்குக் கேஸ் எங்கிருந்து வந்தது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்; நான்தான் முதலிலேயே சத்தியம் செய்துவிட்டேனே.