திங்கட்கிழமையே புறப்பட்ட பை

எதிர்வீட்டுக் கமலாம்பிகையின் கதவைத் தட்டித் தட்டித் தவமணிக்குக் கை சிவந்துவிட்டது. உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது. அதை அடிப்பதும் தவமணிதான். அந்த மனிசி போனை வீட்டுக்குள் விட்டுவிட்டு எங்கோ போய்விட்டாள் என்பதைத் தன் காதாலேயே கேட்டுக்கொண்டு, ஒரு கையால் நம்பரை அழுத்தி மறுகையால் தட்டிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணி. ஏழு மணிக்கு விமானம். பாஸ்போட் இரண்டும் கதவுக்கு அந்தப் பக்கம்.

அவை அங்கே போன கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். செவ்வாய்க்கிழமை பயணம் வெளிக்கிடக் கூடாது என்பது தவமணியின் கட்சி. டிக்கெட்டோ செவ்வாய்க்குத்தான் கிடைத்தது. அதற்கும் ஒரு வழி உண்டு. முதல்நாளே நல்ல நேரம் பார்த்து ஒரு பையைக் கொண்டுபோய் அயல்வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டது. வைத்த பையைத் திரும்பவும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, போகிறபோது எடுத்துக்கொண்டு அப்படியே போய்விட வேண்டும். ஊரிலே இதற்கு ஒரு சேலையோ சால்வையோ போதும். ஆனால் தவமணி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. முக்கியமான சாமான் போனால்தானே பயணம் போனதாகும் என்று, பாஸ்போட் இருந்த கைப்பையையே திங்கள் காலை எதிர்வீட்டுச் சாமித்தட்டுக்குக் கீழே வைத்துவிட்டு, நிம்மதியாக வந்து தேத்தண்ணி குடித்தாள்.

போகிற இடம் தென்னாபிரிக்கா. ஒரு தனியார் வனவிலங்குக் காப்பகம், அதற்குள்ளே பெரும் பணக்காரர் வந்து தங்குகிற விடுதி. மகன் கஜீவன் அங்கேதான் சபாரி வழிகாட்டி. வேலை செய்பவர்களின் தாய் தகப்பனுக்கு ஒரேயொரு தடவை மூன்று இரவு சும்மா தங்க விடுவார்களாம். "அம்மா, கூடாரம் எண்டு நினையாதேங்கோ. குளிக்கிற தொட்டியிலை இருந்துகொண்டே யானை தண்ணி குடிக்கிறதைப் பார்க்கலாம். இருட்டினாப் பிறகு அறைக்கு நடக்கவும் ஒரு காவலாள் கூட வருவான். உங்கட கட்டிலை வேறை ஆக்கள் விரிப்பினம்" என்று போனில் சொன்னான். ரொறொன்ரோ ஹோட்டல் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக ஊரார் கட்டிலை விரித்த தவமணிக்கு அந்தக் கடைசி வசனம் கேட்க வெட்கமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

ஆனால் அவள் போவது யானைக்காகவும் அல்ல, கட்டிலுக்காகவும் அல்ல. எஞ்சினியரிங் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு "காட்டுக்குப் போறன்" என்று கஜீவன் சொன்ன அன்று, "போறவன் இந்தப் படி மிதிக்கக் கூடாது" என்றார் தகப்பன் இரத்தினவேல். தகப்பனுக்குத் தப்பாத மகன், அவனும் மிதிக்கவில்லை. ஆறு வருடம் போய்விட்டது. தவமணி பத்து மாதம் அழுதும் கோபித்தும் சமைக்காமல் கிடந்தும் மனிதரின் வாயிலிருந்து "சரி, வாறன்" என்று ஒரு சொல்லை வாங்கியிருந்தாள். இன்று விட்டால் அந்தச் சொல் இன்னொருமுறை வராது. அது அவளுக்கு நிச்சயம்.

அந்த மாடிக் கட்டடத்தைப் பராமரிக்கிற யூட்சன் பாசையூர்ப் பொடியன், நல்லவன். அவனிடமும் கெஞ்சிப் பார்த்தாள்.

"அன்ரி, என்னட்டைத் திறப்பு இருக்குத்தான். ஆனா அவ சொல்லாமல் நான் திறந்தா என்ரை வேலை போயிடும். அவவைப் பிடிச்சு ஒரு சொல்லுச் சொல்லச் சொல்லுங்கோ."

"போன் உள்ளுக்கை கிடந்து அடிக்குதடா! நான் அவவை எங்கை போய்ப் பிடிக்க?"

பக்கத்து ஊர் அஜக்ஸில் இருக்கிற கமலாம்பிகையின் மகள் கஜனி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். கஜனியின் நம்பருக்காகக் கோயில் ஆட்கள் எட்டுப் பேருக்கு அடித்தாள். ஒருவரிடமும் இல்லை. கஜனிக்கு என்ன அவசரம், இந்த மனிசிக்கு என்ன மறதி என்று எல்லாரையும் திட்டினாள். கடைசியில் தன்னைத்தான் திட்ட வேண்டியிருந்தது. ஆறு வருடம் பார்க்காத பிள்ளையை ஒரு நல்ல நேரத்துக்காகத் தொலைத்துவிட்டாளே. சுவரோடு சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

அப்போதுதான் இரத்தினவேல் சூட்கேசோடு வெளியே வந்தார். மண் நிறச் சேட்டு, மண் நிறக் காற்சட்டை. பளிச்சென்ற நிறம் மிருகங்களைக் கலைக்கும் என்று மகன் எழுதி அனுப்பிய பட்டியலை ஒரு வார்த்தை பேசாமல் வாசித்துத் தானே கடைக்குப் போய் வாங்கியவை.

"டக்சி கீழை நிக்குது. பாஸ்போட் எங்கை?"

சொன்னாள். 'நல்லதாப் போச்சு' என்று சப்பாத்தைக் கழற்றப் போகிறார் என்று எதிர்பார்த்தாள். மனிதர் கதவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்ச் சின்ன அலவாங்கோடு வந்தார். முப்பது வருடம் ஊரெல்லாம் வீடுகளுக்குக் கதவு பொருத்தின கை. எங்கே நெம்பினால் விடும் என்று அதற்குத் தெரியும்.

"ஐயோ, என்னப்பா செய்யிறியள்? நெஞ்சிலை ஒப்பரேசன் செய்த உடம்பு!"

"விலத்து."

மூன்றாம் நெம்பலில் நிலை பிளந்தது. நான்காவதில் கதவு விட்டது. இரத்தினவேலின் முகம் வியர்த்துக் கறுத்திருந்தது. தவமணி உள்ளே ஓடிப் பையை எடுத்துக்கொண்டு திரும்ப, லிஃப்டிலிருந்து யூட்சன் இறங்கினான். பின்னால் பக்கத்து வீட்டுச் சனம்.

"யாரோ பொலிசுக்கு அடிச்சிட்டினம் அன்ரி. உடைச்ச ஆள் இஞ்சை நிக்கவேணும். போனா என்னைத்தான் பிடிப்பினம்."

தவமணி யோசித்தது ஒரு கணம்தான். அவள் போனால் மகனைக் கட்டிப்பிடித்து அழுவாள், மூன்று நாள் நெஞ்சு நிறையப் பார்ப்பாள், திரும்பி வந்து பழையபடி போனில் கதைப்பாள். அவர் போனால்தான் ஏதாவது மாறும். புருசனின் கையிலிருந்த அலவாங்கைப் பறித்தாள்.

"நான்தான் உடைச்சனான்."

ஐந்தடிகூட இல்லாத அந்த மனிசியை யூட்சன் பார்த்தான். வியர்த்துப்போய் நின்ற இரத்தினவேலையும் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான்.

"சரி அன்ரி" என்றான்.

"விசரே உமக்கு?" என்றார் இரத்தினவேல். "பெத்தவள் நீர். நீர் போம்."

"என்னை அவன் ஒருநாளும் கோவிக்கேல்லை. உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். போங்கோ. காலிலை விழட்டோ?"

அவருடைய பாஸ்போட்டைச் சேட்டுப் பொக்கற்றில் திணித்து, சூட்கேசையும் மனிதரையும் சேர்த்து லிஃப்டுக்குள் தள்ளினாள். கதவு மூடும்வரை அவர் சேட்டுப் பொக்கற்றைப் பிடித்தபடியே நின்றார்.

பொலிஸ் வந்துசேர முன்னம் அவள் மகனுக்கு அடித்தாள்.

"தம்பி, அப்பா வெளிக்கிட்டிட்டார்."

"நீங்கள்?"

"நான் வரேல்லை. அவர் மட்டும்தான்."

"அம்மா, அவரோடை நான் என்னத்தைக் கதைக்கிறது? Three days, அம்மா. அவரும் நானும் தனிய!"

"ஒண்டும் கதையாதை. விடிய அந்த ஜீப்பிலை உனக்குப் பக்கத்திலை இருத்தி ஓட்டு. குளிருமெண்டால் போர்வையைக் குடு. ஏதும் ஏசினா வாயைப் பொத்திக்கொண்டு கேள்." அவள் அலவாங்கை மற்றக் கைக்கு மாற்றினாள். "அந்தாள் வா எண்டு சொன்னாத்தான் நீ வீட்டை வருவாய். எனக்கு உன்ரை முகத்தைப் பார்க்கவேணுமடா. அவர் அதைச் சொல்லும்வரைக்கும் ஆளைத் திரும்ப விடாதை."