தோளைக் குலுக்கிச் சொன்னது

என் கணவர் வேலை பார்த்த கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் பழுதென்று பட்டால் ஓட்டுகிறவர் தன் கையுறையைக் கழற்றி ஸ்டீயரிங்கில் மாட்டிவிட்டு இறங்கிவிடுவார். பழுது பார்த்த பிறகு சூப்பர்வைசர்தான் அதை எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும். அதுவரை யாரும் அந்த வண்டியில் ஏறமாட்டார்கள்.

அன்று இவர், சரக்குத் தூக்கும் தன் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் கையுறையை மாட்டினார். சரிவில் பிரேக் பிடிக்கவில்லை என்றார். சூப்பர்வைசர் வண்டிப் பக்கமே போகாமல் கையுறையை உருவி இவர் மேல் எறிந்து, "சில் பண்ணு, ப்ரோ" என்றாராம். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். சிரிப்புக்கு நடுவே எந்த மனிதன் மறுபடி பயத்தைச் சொல்வான்? ஏறினார். சரிவில் வண்டி கவிழ்ந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் போனபின் ஒருநாள் அந்த சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். டீயை முழுதாகக் குடித்தார். "பிரேக் விஷயம்... மை பேட், சிஸ்டர்" என்று தோளைக் குலுக்கினார். பிறகுதான் வந்த காரியம் வெளியே வந்தது. என் கணவரோடு வேலை பார்த்தவர்கள் யாரும் வண்டியைத் தொடமாட்டேன் என்கிறார்களாம். நான் நாளைக்கு வந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டார், வேலையைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டுமாம்.

அவர் போனதும் கொழுந்தன் சமாதானம் சொன்னான். கால் சென்டரில் நாளெல்லாம் இங்கிலீஷ் பேசுகிறவன். தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொள்வதற்குத்தான் 'மை பேட்' என்பார்கள், மனசில் கள்ளமில்லை என்றான்.

"நீ எப்பச் சொல்லுவ?"

"யார் மேலயாவது காபி கொட்டினா. வேற ஆளுக்கு போன் போட்டுட்டா."

"உங்க அண்ணன் செத்தா?"

அவன் தலை குனிந்தான். "இல்ல அண்ணி. சொல்ல மாட்டேன்" என்றான்.

அர்த்தம் எனக்கும் தெரியும். அந்தச் சொல்லுக்கு எடைதான் இல்லை. ஒரு உயிருக்குக் காபிக் கறையின் மன்னிப்பு. முதலில் இவர் பயத்தை விளையாட்டாக்கினான் அந்த ஆள், பிறகு சாவையும் விளையாட்டாக்கினான். இனி அவனுக்கு மரியாதை எதற்கு?

மறுநாள் கொழுந்தனோடு கிடங்குக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் இவர் துணிகளோடு கொடுத்த கையுறை என் பையில் இருந்தது. எல்லோரும் பார்க்க, நிமிர்த்தி நிறுத்தியிருந்த அதே வண்டியின் ஸ்டீயரிங்கில் மாட்டினேன்.

"இன்னும் பழுது பார்க்கல" என்றேன். "நீங்கதான் எடுக்கணும். எடுக்கும்போது, இவர் என்ன சொன்னார், நீங்க என்ன செஞ்சீங்கன்னு இவங்க முன்னாடி முழுசாச் சொல்லணும். நம்ம பேச்சுல."

சிரிக்கப் பார்த்தான். கூடச் சிரிக்க ஆளில்லை. அவன் கை ஸ்டீயரிங் வரை போய்த் திரும்பியது.

கொழுந்தன் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். அது சூப்பர்வைசர் அறை நாற்காலி. உட்கார்ந்தேன். எனக்கு அவசரமில்லை.